எச்சரிக்கும் ஆங்கிலத் தொடர்களும் கொங்குச் செவியும்

தோற்றுவாய்

பிறமொழி கற்பார் பொருள்களின் பெயர்களை விரைவிற் கற்றுக்கொள்கின்றனர். வினைச்சொற்களும் காலங்காட்டும் முறையும் பயிற்சியாற் கைவருகின்றன. ஆயின், ஒருவரை நோக்கி ‘இதனைச் செய்யாதிருப்பது நலம்’, ‘இதனின்றும் விலகியிருங்கள்’ என அறிவுறுத்தும் திறம் எளிதில் வாய்ப்பதன்று. அறிவுரை பொருளை மட்டும் சுமந்து வருவதில்லை. சொல்பவர் யார், கேட்பவர் யார், நேரவிருக்கும் தீங்கு எத்துணைப் பெரிது என்னும் மூன்றனையும் உடன் சுமந்து வருகின்றது. இம்மூன்றையும் எடைபோடாது சொல்லை மட்டும் பெயர்த்தால் பணிவு மிரட்டலாகும், எச்சரிக்கை வெறுங்கருத்தாகும். முன்னெச்சரிக்கையும் விலக்கும் உணர்த்தும் ஆங்கிலத் தொடர்களை நம் மாணவர் கையாளும் முறையினை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஒரு விடுப்பு விண்ணப்பம்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கருமத்தம்பட்டி. அடுத்துள்ள சோமனூரைப் போன்றே விசைத்தறிகளாற் பெயர்பெற்றது. தறிக்கூடத்தில் தந்தைக்குத் துணைநின்றுவிட்டுப் பேருந்தேறி வரும் அவ்வட்டார மாணவர் பலரை நம் வகுப்பறைகள் கண்டுள்ளன. தமிழ்வழிப் பயின்ற அத்தகைய மாணவர் ஒருவர், தமக்கையின் திருமணத்தின்பொருட்டு ஆங்கிலத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதினார். அதன் இறுதிவரி, ‘யூ ஹேட் பெட்டர் கிராண்ட் மீ லீவ்’ என்றிருந்தது. படித்த ஆசிரியர் முகம் சிவந்தார். ‘விடுப்புத் தந்துவிடும், இல்லையேல் வருவதைப் பாரும்’ என்னும் தொனி அவ்வரியில் இருந்தது. மாணவரோ, ‘லீவு குடுத்தீங்கன்னா நல்லதுங்க ஐயா’ எனத் தாம் மனத்துள் எண்ணியதனையே எழுதியிருந்தார். ‘பெட்டர்’ என்பதற்கு அகராதி ‘மேலும் நல்லது’ எனப் பொருள் தந்தது. அவர் அகராதியை நம்பினார்.

பேசும் வாக்கியந்தோறும் ‘ங்க’ சேர்த்துப் பேசி வளர்ந்த ஒருவர், ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவுடன் அடாவடிக்காரராகத் தோன்ற நேர்ந்தது. விடுப்பு கிடைத்தது, திருமணமும் இனிது நடந்தேறியது. ஆயின் அதன்பின் அம்மாணவர் வகுப்பில் ஆங்கிலம் பேச வாய்திறக்கவே அஞ்சினார். ஒரு தொடரின் எடையறியாமையால் விளையும் இழப்பு இத்தகையது.

‘ஹேட் பெட்டர்’ உணர்த்துவது யாது?

‘ஹேட்’ இறந்தகால வடிவம். எனினும் இத்தொடர் கழிந்ததனைக் குறிப்பதில்லை. இப்பொழுதும் இனியும் செய்யத்தக்கதனையே குறிக்கின்றது. இதனையடுத்து வரும் வினை ‘டு’ என்னும் சொல்லைப் பெறுவதில்லை. எதிர்மறைக்குரிய ‘நாட்’, ‘பெட்டர்’ என்பதன் பின்னர் நிற்கும். ‘யூ ஹேட் பெட்டர் நாட் டச் தட் ஒயர்’ என்றால், ‘அந்த மின்கம்பியைத் தொடாதிருப்பதே உமக்கு நல்லது’ என்பது பொருள். தொட்டால் தீங்கு நேரும் என்னும் குறிப்பு அதனுள் மறைந்து நிற்கின்றது. அக்குறிப்பே இத்தொடரின் உயிர்.

ஆகவே தாய் மகற்கும், மருத்துவர் நோயாளிக்கும், மேற்பார்வையாளர் தொழிலாளிக்கும், நண்பர் நண்பர்க்கும் இதனைக் கூறலாம். மாணவர் ஆசிரியரிடம் வேண்டுகோளாகக் கூறுதல் பொருந்தாது. பொதுவான அறவுரைக்கும் இது தகுவதன்று. ‘பொய் பேசலாகாது’ என எல்லார்க்கும் எக்காலத்தும் உரைப்பதற்கு ‘ஷுட் நாட்’ என்பதே உரியது. ‘ஹேட் பெட்டர்’ குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு செயலை முன்வைத்துக் கூறப்படுவது.

தமிழிலக்கணத்தை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஏவல் முன்னிற்பாரை நோக்கியது. வியங்கோள் மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாகி வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் வருவது. ‘செய்யாதே’ என்பது ஏவலின் எதிர்மறை. ‘செய்யற்க’ என்பது வியங்கோளின் எதிர்மறை. தமிழ் விகுதியால் உணர்த்தும் வேறுபாட்டினை ஆங்கிலம் துணைவினைகளாலும் மரபுத்தொடர்களாலும் உணர்த்துகின்றது. எனவே ஆங்கிலம் பயில்வார் தனிச்சொல்லின் பொருளை மட்டும் கற்றால் போதாது. தொடர் முழுவதையும் ஒரே சொல்லாகக் கொண்டு கற்றல் வேண்டும்.

மென்சொல்லில் வன்பொருள்

மேற்கண்டது, மென்மையாகக் கருதி எழுதியது வன்மையாக முடிந்த நிலை. இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நம் மாணவர் பணியாற்றுவதாக எண்ணிப் பார்ப்போம். வெளிநாட்டு வணிகர், ‘யூ மே விஷ் டு ரீகன்சிடர் த ஷேட்’ என எழுதுகின்றார். ‘நிறத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க நீங்கள் விரும்பலாம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்ட மாணவர், ‘விரும்பினால் பார்க்கலாம், இன்றேல் விட்டுவிடலாம்’ எனக் கருதிச் சரக்கினை அனுப்பிவிடுகின்றார். வணிகர் கருதியதோ, ‘இந்நிறம் ஆகாது, மாற்றுக’ என்பது. சரக்கு திரும்பி வந்தபின் அகராதியைப் புரட்டிப் பயனில்லை.

இதனை ஆங்கிலேயர்க்கே உரிய சூழ்ச்சி எனக் கருதிவிடலாகாது. நம் ஊர்களிற் பெரியவர்கள் பேசும் முறையினைச் சற்றே செவிமடுத்தால் உண்மை விளங்கும். நிலம் வாங்கப்போகும் ஒருவர் தம் மாமனிடம் கருத்துக் கேட்கின்றார். அவர், ‘பாத்துச் செய்யுங்க மாப்பிள்ளை’ என்று மட்டும் கூறுகின்றார். அல்லது, ‘அப்பறம் உங்க இஷ்டமுங்க’ என்று எழுந்துவிடுகின்றார். இத்தொடர்களில் ‘வேண்டாம்’ என்னும் சொல்லே இல்லை. ஆயினும் கேட்டவர் வீடு திரும்பி, ‘மாமனுக்கு இதில் உடன்பாடில்லை’ என்றே கூறுவார். கொங்குச் செவி இக்குறிப்பினைப் பிறவியிலேயே அறியும். அச்செவியினை ஆங்கிலம் படிக்கும்போது கழற்றி வைத்துவிடுகின்றோம் என்பதே நம் குறை.

சொல்லத் தகாததனைத் தக்க சொல்லாற் கூறுவதனை நன்னூல் ‘தகுதி வழக்கு’ என்றும், அதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகவும் வகுத்துள்ளது. சொல்லின் வெளிப்பொருள் ஒன்றாகவும் வழங்கும் பொருள் பிறிதொன்றாகவும் அமையலாம் என்பதனை நம் இலக்கணிகள் நன்குணர்ந்திருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

வன்மையின் படிகள்

மாணவர் பயன்பாட்டிற்காக இத்தொடர்களை மென்மையிலிருந்து வன்மை நோக்கி நிரல்படுத்திக் காண்போம்.

முதற்படியில் ‘இட் மைட் பி வைஸ் டு வெயிட்’ போன்ற தொடர்கள் நிற்கின்றன. ‘காத்திருப்பது அறிவுடைமையாகலாம்’ என்னும் இவற்றை மேலோரிடத்தும் தயக்கமின்றிக் கூறலாம். இரண்டாம்படியில் ‘ஐ வுட் நாட், இஃப் ஐ வேர் யூ’ என்பது வரும். ‘உம் நிலையில் நான் இருப்பின் செய்யேன்’ என நிகரானவரிடம் கூறுவது இது. மூன்றாம்படியில் ‘திங்க் ட்வைஸ்’ நிற்கும். ‘ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்’ என்னும் நம் வழக்கிற்கு இது நெருங்கியது. நான்காம்படியில் ‘வீ அட்வைஸ் அகெய்ன்ஸ்ட்’ என்னும் அலுவல்நடை அமையும். மடல்களில் இது வரின் தடையாகவே கொள்ளல் தகும். ஐந்தாவது, மேலே ஆராய்ந்த ‘ஹேட் பெட்டர் நாட்’. ஆறாவதும் இறுதியுமானவை ‘மஸ்ட் நாட்’, ‘நெவர்’ என்பன. தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை யார்க்கும் தெரிவிக்கலாகாது என வங்கிகள் அறிவிக்கும்போது இவ்விறுதிப்படியையே கையாளுகின்றன. தீங்கு நொடியில் நேர்வதாயின் நயத்திற்கு அங்கே இடமில்லை.

இறுதிப்படியில் நம்மவர் இடறும் இடமொன்று உண்டு. தமிழில் ‘வேண்டாம்’ என்பது இருபொருளுக்கும் பொது. ‘நாளை வர வேண்டாம்’ எனின், வரத் தேவையில்லை என்றும் பொருள்படும். வரக்கூடாது என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் முன்னையது ‘நீட் நாட்’, பின்னையது ‘மஸ்ட் நாட்’. மருந்துக்கடையிற் பணிபுரியும் ஒருவர், ‘இந்த மாத்திரையை உடைத்து விழுங்க வேண்டாம்’ என்பதனை ‘நீட் நாட்’ கொண்டு பெயர்த்தால், ‘உடைக்கத் தேவையில்லை, உடைப்பினும் குற்றமில்லை’ என்றாகிவிடும். மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால் மருந்து முழுவதும் ஒருங்கே உடலிற் கலந்து தீங்கு விளைவிக்கலாம். பெயர்க்குமுன், ‘இந்த வேண்டாம், தேவையில்லை என்பதா, கூடாது என்பதா?’ என்று தமிழிலேயே வினவிக்கொள்வது இதற்குத் தீர்வாகும்.

விலக்கும் சொற்குடும்பம்

திருக்குறளில் நாற்பத்தாறாம் அதிகாரம் சிற்றினஞ்சேராமை. அதனையடுத்துத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன நிரலே வருகின்றன. விலக்கத்தக்கதனை முன்னர் விலக்கி, அதன்பின் எண்ணிச் செயற்படும் முறைமை இவ்வைப்பில் விளங்குகின்றது. சேராமை, கள்ளுண்ணாமை, பயனில சொல்லாமை என ‘ஆமை’ ஈற்றால் விலக்கினைப் பெயராக்கும் ஆற்றல் தமிழுக்குண்டு. அத்தகைய எளிய ஈறு ஆங்கில வினைக்கு இன்மையால், அம்மொழி பல வினைகளை நாடுகின்றது.

‘அவாய்ட்’ என்பது அணுகாது ஒழுகுதல். ‘ரிஃப்ரெய்ன்’ என்பது எழுந்த விருப்பத்தினை அடக்கிக்கொள்ளுதல். ‘அப்ஸ்டெய்ன்’ என்பது உணவு, மது, வாக்களிப்பு முதலியவற்றினின்றும் தாமே ஒதுங்கியிருத்தல். ‘டிஸிஸ்ட்’ என்பது செய்துகொண்டிருப்பதனைக் கைவிடுதல். ‘இவேட்’ என்பது கடமையினின்றும் நழுவுதலைக் குறிக்கும். வரித்துறையில் இவ்வேறுபாடு சட்டத்தின் எல்லையாகவே நிற்கின்றது. சட்டம் தரும் சலுகையாற் குறைத்துக்கொள்வது வரித்தவிர்ப்பு. வருவாயை மறைப்பது வரிஏய்ப்பு. ‘அவாய்ட்’, ‘இவேட்’ என்னும் இரண்டனுள் ஒன்றை மற்றொன்றாக எழுதினால் நேர்மையான வணிகரும் குற்றவாளியாகிவிடுவார்.

இலக்கணத்தில் இடறும் இடங்கள்

‘விழாதபடி பார்த்து நட’ என்பதில் விழுதல் எதிர்மறையாக வந்துள்ளது. இதே பொருளை ஆங்கிலத்தில் ‘லெஸ்ட்’ கொண்டு கூறும்போது, ‘வாக் கேர்ஃபுலி லெஸ்ட் யூ ஷுட் ஃபால்’ என உடன்பாடாகவே கூறல் வேண்டும். ‘லெஸ்ட்’ என்பதனுள்ளேயே விலக்கு அடங்கியிருத்தலால் மீண்டும் ‘நாட்’ சேர்த்தல் பிழை. நம் மாணவர் தமிழ்வழிச் சிந்தித்து அதனைச் சேர்த்துவிடுகின்றனர். விளைவு, ‘விழுமாறு நட’ என்னும் மறுதலைப் பொருளே.

‘இன் கேஸ்’ என்பதும் இத்தகையதே. ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ என்றால், மழை வரினும் வரலாம் என்று கருதி இப்பொழுதே குடையை எடுத்துக்கொள்க என்பது பொருள். ‘இஃப்’ வந்திருப்பின், மழை வந்தபின் எடுத்தால் போதும் என்றாகும். முன்னது முன்னெச்சரிக்கை; பின்னது நிபந்தனை. ஆயின் ‘ஆஃப்’ சேர்ந்து, ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர்’ எனத் தொழிற்கூடச் சுவரில் எழுதப்பட்டிருப்பின், அது ‘தீப்பற்றினால்’ என்று நிபந்தனைப் பொருளே தரும். ஓர் இடைச்சொல்லால் காலமே மாறுவதனை மாணவர் உற்றுநோக்குதல் வேண்டும்.

கடலிற் பிறந்தனவும் கிணற்றடியிற் பிறந்தனவும்

ஆங்கில எச்சரிக்கைத் தொடர்கள் சில கடலிற் பிறந்தவை. ‘ஸ்டியர் கிளியர் ஆஃப்’ என்பது, பாறையோ பிற கலமோ எதிர்ப்படின் இடித்துக்கொள்ளாது சுக்கானைத் திருப்பிச் செல்வதனைக் குறித்துப் பின்னர்த் தீயோரையும் தீச்செயலையும் விலக்குதற்கு ஆகிவந்தது. ‘கிவ் எ வைட் பெர்த்’ என்பதில் வரும் ‘பெர்த்’, ஒரு கப்பலுக்கு விடவேண்டிய இடைவெளியைக் குறித்த சொல். சேரன் விரைவுவண்டியிற் படுக்கை இடமாகவே அச்சொல்லை அறிந்த கோவை மாணவர், ‘அகன்ற படுக்கை கொடு’ எனப் பொருள்கொண்டால் அவரைக் குறைகூறுதற்கில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறையூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்க்கு இப்பொருள் எளிதில் விளங்கும்.

கடல் காணாத கொங்குநாட்டார்க்குக் கிணறும் அடுப்பும் ஆசான்களாயின. ‘ஆழம் தெரியாமற் காலை விடாதே’, ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது’ என்பன நாம் அன்றாடம் கேட்பவை. ‘லுக் பிஃபோர் யூ லீப்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் கற்பிக்குமிடத்து, ஈசாப்பின் கதையில் நரியின் சொல்லை நம்பிக் கிணற்றிற் குதித்த ஆட்டினை நினைவூட்டினால் போதும். கல்கட்டிய ஆழ்கிணறுகளைக் கண்டு வளர்ந்த மாணவர்க்குப் பிறிது விளக்கம் வேண்டுவதில்லை. ‘எ ஸ்டிச் இன் டைம்’ என்று தொடங்கும் பழமொழியினைக் கருமத்தம்பட்டி மாணவர்க்குத் தறியைக் கொண்டே விளக்கலாம். பாவில் ஓர் இழை அறுந்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சிடாவிடின், அறுந்த இழை அண்டை இழைகளிற் சிக்கும். துணி நெடுகிலும் கோடு விழும். உரிய காலத்தில் இட்ட ஒரு முடிச்சு பல முடிச்சுகளைக் காக்கும் என்பதனை அவர் கைகளே அறியும்.

லேபிளில் உள்ள சொல்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குப் பூச்சிக்கொல்லிப் புட்டியே சான்று. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வகுக்கப்பட்ட விதிகள், நச்சுத்தன்மையை நான்காகப் பகுத்து, லேபிளில் இரு முக்கோணங்களாகப் பிரித்த ஒரு சதுரத்தை அச்சிடப் பணித்தன. மிகக்கொடிய நஞ்சிற்குக் கீழ்முக்கோணம் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், மூன்றாவதற்கு நீலம், நான்காவதற்குப் பச்சை. மேல்முக்கோணத்தில், முதல் இரண்டிற்கும் ‘பாய்சன்’ என்றும், மூன்றாவதற்கு ‘டேஞ்சர்’ என்றும், நான்காவதற்கு ‘காஷன்’ என்றும் சொற்கள் அமைந்தன. முதல்வகைக்கு மண்டையோட்டுக் குறியும் உண்டு.

இனித் தறிக்கூடத்திற்குச் செல்வோம். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் முறையைத் தழுவிய எந்திரங்களில் ‘டேஞ்சர்’, ‘வார்னிங்’, ‘காஷன்’ என்னும் மூன்று சொற்கள் காணப்படும். அங்கே ‘டேஞ்சர்’ என்பது தலைமைச்சொல். விலகாவிடின் உயிரிழப்போ கடுங்காயமோ நேரும் என்பது அதன் பொருள். ‘வார்னிங்’ எனின் அவை நேரலாம் என்பது. ‘காஷன்’ எனின் சிறுகாயமோ நடுத்தரக் காயமோ நேரலாம் என்பது. எந்திரத்தில் முதலிடம் பெற்ற ‘டேஞ்சர்’, நஞ்சுப் புட்டியில் மூன்றாமிடத்தில் நிற்கின்றது. காலையில் தறியிலும் மாலையில் தோட்டத்திலும் உழைக்கும் ஒருவர், ‘டேஞ்சர் என்பதே உச்சம், இப்புட்டியில் அச்சொல் இல்லை’ எனக் கருதிச் சிவப்பு முக்கோணத்தினை அசட்டையாகக் கையாளின் விளைவு என்னாகும்? ‘அபாயம்’ என்னும் ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டிடத்தும் எழுதிவைப்பதால் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. உழவர் இந்நஞ்சினை ‘மருந்து’ என்றே வழங்குகின்றனர் என்பதனையும் எண்ணின், வீட்டிற் படித்த பிள்ளையின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். லேபிளைப் படித்து, நிறத்தையும் சொல்லையும் சேர்த்துப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் அப்பிள்ளையின் கடமையாகும்.

நிறைவாக

எச்சரிக்கைத் தொடரின் எடை சொல்லில் மட்டும் இல்லை. சொல்வார், கேட்பார், தீங்கின் அளவு ஆகிய மூன்றிலும் உள்ளது. இவ்வளவையை நம் மாணவர் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. ‘பாத்துச் செய்யுங்க’ என்பதில் மறைந்துள்ள ‘வேண்டாம்’ என்பதனைக் கேட்கத் தெரிந்தவர், ‘யூ மே விஷ் டு’ என்பதில் மறைந்துள்ள தடையினையும் கேட்கவல்லவர். தாய்மொழியிற் பெற்ற செவியினை வகுப்பறை வாயிலிற் கழற்றி வைக்காது உடன் கொணர்ந்தால் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவரின் தொடரில் முரட்டுத்தனம் தோன்றின், அது உள்ளத்தின் முரடா, பெயர்ப்பின் பிழையா என முதலில் ஆராய்வோமாக. அன்று அம்மாணவரை அருகழைத்து, அவ்வரியை ‘ஐ ஷல் பி கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என மாற்றிக் காட்டி, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டினை விளக்கியிருப்பின் ஐந்து நிமிடங்களே செலவாகியிருக்கும். வாய்திறந்து பேசும் மாணவர் ஒருவரை நாமும் இழந்திருக்கமாட்டோம்.